பொது இடங்களில் மற்ற பிள்ளைகளோடு சேர உதவும் கருவிகள்: பயன்படுத்திவரும் ஒரு தாயின் மதிப்பீடு

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென விற்கப்படும் பொருள்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்தப் பொருள் பிள்ளையை அமைதிப்படுத்துகிறதா? வீட்டுக்கும் பயிற்சி அறைக்கும் அது பொருத்தமான கேள்வி. பூங்காவுக்கோ, நூலகத்தில் நடக்கும் கதை நேரத்துக்கோ, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி ஆடும் திடலுக்கோ, ஒரு பிறந்தநாள் விழாவுக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும்போது அந்தக் கேள்வி போதாது. இந்தப் பொருள் இருப்பதால் மற்ற பிள்ளைகள் அந்தப் பிள்ளையிடம் நெருங்கி வருகிறார்களா, விலகிப் போகிறார்களா என்பதையும் அங்கே பார்க்க வேண்டும். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவள், சில சொற்களே பேசுவாள், ஆனால் நாம் பேசுவதில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்வாள். அவளோடு வெளியே போகும்போது நாங்கள் தொடர்ந்து பயன்படுத்திவரும் நான்கு பொருள்களையும் ஒரு சேவையையும் இந்த இரண்டாவது கேள்வியை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

பெரும்பாலான பெற்றோர் முதலில் வாங்குவது காதுக் காப்புதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஹெட்போன் போலத் தலைக்கு மேல் வளைந்து இரு காதுகளையும் மூடும் இதிலிருந்து பாட்டு எதுவும் வராது. வெளிச் சத்தத்தைத் தடுப்பது மட்டுமே இதன் வேலை. குழந்தைகளுக்கானவற்றில் பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை சத்தம் குறையும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். ஏறத்தாழ 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும் என்பதால், 25 டெசிபல் என்பது எண்ணளவில் சிறியதாகத் தெரிந்தாலும், காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும் ஒரு பிள்ளையை மண்டபத்துக்குள் வரவைக்கப் போதுமான மாற்றம். கைதட்டல், பலூன் வெடிப்பு, ஒலிபெருக்கியின் கீச்சொலி, கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல் ஆகியவற்றுக்கு அஞ்சி எந்த அழைப்பையும் ஏற்காமல் வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் அதே 25 டெசிபல் தோழியின் குரலையும் குறைக்கிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல் அளவில் இருக்கும். காப்பை மாட்டியிருக்கும் பிள்ளைக்கு அது கிசுகிசுப்பைப் போலத்தான் கேட்கும். சறுக்குமரத்தின் உச்சியில் நிற்கும் ஒரு சிறுமி "சீக்கிரம் வா, உனக்காகத்தான் நிக்கிறேன்" என்று அழைக்கிறாள். இவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அழைத்தவள் அதைப் பிடிக்காததன் அடையாளமாக எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறாள். இதைப் பலமுறை பார்த்த பிறகு, உள்ளே நுழையும்போது காப்பைக் காதில் வைத்து, அந்த இடம் பழகி விளையாட்டு தொடங்கியதும் கழுத்துக்கு இறக்கிவிடும் பழக்கத்தை நாங்கள் ஏற்படுத்திக்கொண்டோம். நாள் முழுவதும் காதை மூடியே வைத்திருந்தால், சாதாரணச் சத்தத்தைத் தாங்கும் திறனும் குறையக்கூடும் என்று செவித்திறன் வல்லுநர்கள் எச்சரிப்பதும் இதற்கு ஒரு காரணம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காப்பின் மெத்தை காதைச் சுற்றி எங்கும் இடைவெளியின்றி ஒட்டியிருந்தால்தான் பெட்டியில் போட்டிருக்கும் அளவு கிடைக்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, தலைமுடியில் குத்திய ஒரு கிளிப், காதோரம் புகுந்த தொப்பியின் விளிம்பு ஆகிய எதுவும் அந்த ஒட்டலைக் குலைத்துவிடும். இத்தகைய காப்புகள் கீச்சென்ற உயர் ஒலிகளை நன்றாகத் தடுக்கும். பறை, பேஸ் ஒலிபெருக்கி போன்றவற்றின் தாழ்ந்த அதிர்வை அந்த அளவுக்குத் தடுக்காது. எனவே பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஒலிபெருக்கிக்குத் தொலைவில் இடம் பிடிப்பதும் சேர்ந்தால்தான் பயன். பேட்டரியில் இயங்கும் சத்த நீக்க ஹெட்போன்கள், விமானத்தின் உறுமல் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஒலியைக் கையாளுவதில் சிறந்தவை. பிள்ளைகளின் திடீர்க் கூச்சலுக்கு அவற்றால் அவ்வளவாகப் பயனில்லை. வளர்ந்த பிள்ளைகளாக இருந்து, காதுக்குள் ஒன்றை வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் மேலானவை. அவை எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் பேச்சு தெளிவாகவே கேட்கும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் இருக்கும் குழந்தைகளுக்கு அவை ஆபத்தானவை.

அடுத்தது படப் பலகை. என் மகளின் வாழ்க்கையில் வேறு எந்தப் பொருளையும்விட அதிக வேறுபாட்டை உண்டாக்கியது இதுதான் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படங்களின் வழியாகத் தொடர்புகொள்ளும் முறைகள் பல. படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் 'பெக்ஸ்' முறையை 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு அது பழக்கமானதுதான். நான் இங்கே சொல்வது அதிலிருந்து வேறுபட்டது. 'வேண்டும்', 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்', 'நிறுத்து', 'வா', 'என் முறை', 'உன் முறை', 'உதவி' என்று அன்றாடம் அடிக்கடி வரும் சொற்களைப் படத்தோடு கட்டம் கட்டமாக ஒரே தாளில் அச்சிட்டு, விரலால் சுட்டிப் பேசும் பலகை இது. நாம் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதுதான் இதன் அடிப்படை.

இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, வளையத்தில் கோத்துப் பிள்ளையின் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிவிடும் சிறிய அட்டைகள். மற்றொன்று, பூங்காவின் கம்பி வேலியிலோ நூலக அறையின் சுவரிலோ எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிடும் பெரிய பலகை. முதல் வடிவத்தை நாங்கள் வெகுநாள் பயன்படுத்தினோம். அவசரத்தில் 'கழிவறை', 'வீட்டுக்குப் போகலாம்' என்று என்னிடம் சொல்ல அவளுக்கு அது உதவியது. மற்ற பிள்ளைகளோ அதை அவளுடைய சொந்தப் பொருள் என்று கருதி, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் தள்ளியே நின்றார்கள். நாங்கள் போகும் விளையாட்டுக் குழுவில் பெரிய பலகை ஒன்றை மாட்டியபோதுதான் நிலைமை மாறியது. நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளே முதலில் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டு சுட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற என் மகள் அருகில் போய் 'நிறுத்து' என்பதைத் தொட்டாள். ஒரு சிறுமி அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள். இவள் 'போ' என்பதைத் தொட்டதும் அந்தச் சிறுமி ஓடினாள். மறுபடியும் 'நிறுத்து'. சற்று நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகள் அவள் விரலைப் பார்த்துப் பார்த்து ஓடவும் நிற்கவும் தொடங்கினார்கள். அதற்கு முன்பு எந்த விளையாட்டிலும் அவள் சொல்லி மற்றவர்கள் கேட்டதில்லை. பிறகு ஊஞ்சலில் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அதே சிறுமி பலகையின் பக்கம் கைநீட்டி, "ஆன்ட்டி, அவ போதும்னு சொல்றா, நான் நிறுத்தட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். "என்கிட்ட எதுக்குடா கேக்கிற, அவதான் சொல்லிட்டாளே" என்றேன்.

பயிற்சியாளர்கள் சொல்லும் முறையும் இதுதான். பெரியவர்களும் மற்ற பிள்ளைகளும் தாங்கள் பேசும்போதே பலகையில் உரிய படத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பேச வேண்டும்; பிள்ளை பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். கைக்குழந்தையிடம் நாம் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த பிறகே அது முதல் சொல்லைச் சொல்கிறது. பலகைக்கும் அந்தப் பொறுமையைக் கொடுக்க வேண்டும். பலகையைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்ற அச்சம் பல தாத்தா பாட்டிகளுக்கு உண்டு. சில பெற்றோருக்கும் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தக்க முறையில் ஆராயப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட இத்தகைய கருவிகளால் பேச்சு குறையவில்லை என்றும், பெரும்பாலோருக்குப் பேச்சு ஓரளவு கூடியது என்றும் தெரியவந்தது. அந்தக் கூடுதல் பலருக்குச் சிறிய அளவிலேயே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேச்சை வரவழைக்கும் மருந்து என்று நினைத்து யாரும் இதை வாங்கக் கூடாது.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பலகைகளின் மேல் எனக்கு ஒரு கடுமையான குறை உண்டு. அவற்றில் பாதி இடத்தை விலங்குகளும் வண்ணங்களும் பொம்மைகளும் அடைத்துக்கொள்கின்றன. மீதியில் 'தயவுசெய்து', 'நன்றி', 'மன்னிக்கவும்' என்று பெரியவர்களுக்குப் பிடித்த சொற்கள். பிள்ளைகள் கூடி விளையாடும் இடத்தில் அவர்கள் உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். 'இது கள்ளாட்டம்', 'நான் முதல்ல', 'தள்ளாதே', 'சும்மா சொன்னேன்', 'இன்னொரு தடவை', 'எனக்குப் போரடிக்குது', 'என்னையும் சேர்த்துக்கோ' ஆகியவைதாம் அங்கே புழங்கும் பேச்சு. சண்டை போடவும் கேலி செய்யவும் மறுக்கவும் சொல் இல்லாத பிள்ளை அந்தக் கூட்டத்தில் விருந்தாளியாக மட்டுமே இருக்க முடியும். ஆகவே வெற்றுக் கட்டங்கள் உள்ள பலகையாகப் பார்த்து வாங்கி, இந்தச் சொற்களை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு சொல்லை ஓரிடத்தில் வைத்துவிட்டால் பிறகு அதை இடம் மாற்றாதீர்கள். பிள்ளையின் விரல் அந்த இடத்தைப் பழகியிருக்கும்; நாம் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டச்சு செய்வது அப்படித்தான்.

குரலோடு பேசும் டேப்லெட் செயலிகளும் எங்களிடம் உள்ளன. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தோழியையும் கூப்பிட முடியும் என்பது அவற்றின் பெரிய வலிமை. படத் தாளால் அது முடியாது. வெயிலில் திரை தெரியாது, மணலிலும் நீரிலும் வைக்க முடியாது, மற்ற பிள்ளைகள் அதில் விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பிடுங்குவார்கள் என்பவை அவற்றின் குறைகள். நாங்கள் அறைக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு டேப்லெட்டையும், வெளியே பலகையையும் கொண்டுபோகிறோம்.

காட்சி நேரங்காட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேன் ராஜர்ஸ் என்ற அமெரிக்கத் தாய், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சிறு மகளுக்காக 1994இல் உருவாக்கிய 'டைம் டைமர்' இந்த வகையில் முன்னோடி. சிவப்பு வட்டு ஒன்று நிமிடங்கள் கழியக் கழியச் சுருங்கிக்கொண்டே வரும். எண்ணும் கடிகாரமும் தெரியாத பிள்ளைக்கும் மீதி நேரம் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தைச் சொல்ல மட்டும் இதை வெளியே எடுத்தால், பிள்ளை இதை விளையாட்டைக் கெடுக்க வரும் பொருளாகவே பார்க்கத் தொடங்கும். ஊஞ்சலில் ஆளுக்கு எவ்வளவு நேரம் என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை வைத்தே தீர்மானித்தால், காத்திருப்பது எல்லோருக்கும் ஒரே விதியாகிவிடுகிறது. எங்கள் குழுவில் சண்டைகளும் இதனால் குறைந்தன.

நான்காவது, போகப்போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே படித்துக்காட்டும் சிறு படக் கையேடு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே உருவாக்கிய 'சோஷியல் ஸ்டோரி' என்ற முறையை ஒட்டியவை இவை. "வாசலில் ஒரு அக்கா பெயரைக் கேட்பார். பிறகு நாம் நீல நிறக் கதவு வழியாக உள்ளே போவோம். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள்" என்பதுபோல, அங்கே என்ன நடக்கும், மற்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை விளக்கும் வாக்கியங்களே இதில் மிகுந்திருக்க வேண்டும், இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்ற கட்டளைகள் மிகக் குறைவாகவே வர வேண்டும் என்பது இந்த முறையின் முக்கியமான விதி. சந்தையில் கிடைக்கும் ஆயத்தக் கையேடுகள் பல இந்த விதியை மீறிப் பக்கத்துக்குப் பக்கம் "நான் அமைதியாக உட்காருவேன்", "நான் கத்த மாட்டேன்" என்று எழுதிவைத்திருக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஏதோ ஒரு பொதுவான நூலகத்தின் ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு, உண்மையான நூலகத்தின் வாசல் வேறு மாதிரி இருப்பதே ஓர் அதிர்ச்சியாகிவிடும். கைப்பேசியில் அந்த இடத்தையே படமெடுத்து, நான்கைந்து பக்கங்களில் நீங்களே செய்யும் கையேடு அதைவிடப் பயனுள்ளது.

இதைச் செய்து கொடுக்க வேண்டியது நிகழ்ச்சி நடத்துபவர்களின் கடமை என்றும் நான் கருதுகிறேன். 2006இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கேற்கும் வாய்ப்பு மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கும் இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் போன ஒரு கலை அரங்கில், அமைதியான அறை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் விளக்குகள் அணையும் என்ற விவரங்களோடு படக் கையேட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அன்று நிகழ்ச்சி முடியும்வரை எங்களால் இருக்க முடிந்தது.

இந்தப் பொருள்கள் பலன் தருகின்றனவா என்று எதை வைத்துப் பார்ப்பது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளை ஓடிப்போய்க் கூட்டத்தின் நடுவில் ஆடினால்தான் பலன் என்று எதிர்பார்ப்பவர்கள் விரைவில் சோர்ந்துபோவார்கள். பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பதையும், பக்கத்தில் அமர்ந்து அதே பொருளை வைத்துத் தனியாக ஆடுவதையும், சேர்ந்து ஆடுவதைப் போலவே பங்கேற்பின் வகைகளாக வரிசைப்படுத்தியிருக்கிறார். என் மகள் சில நாள்களில் மணல் தொட்டியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த நாள்களில் அவளை நான் உள்ளே தள்ளுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கட்டிய மணல் கோபுரத்தை அவள் சிறு கட்டைகளால் அப்படியே கட்டுவதைப் பார்க்கும்போது, அங்கே அவள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறாள் என்பது தெரிகிறது.

கடைசியாக, தொடக்கத்தில் நான் சேவை என்று குறிப்பிட்ட சூரியகாந்திப் பட்டைத் திட்டம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் அணிந்துகொள்ளும், பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள் அச்சிட்ட இந்தப் பட்டை 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இன்று பல நாடுகளின் விமான நிலையங்களுக்கும் கடைகளுக்கும் பரவியிருக்கிறது. இதை அணிந்திருப்பவருக்குக் கூடுதல் நேரமோ, பொறுமையோ, உதவியோ தேவைப்படலாம் என்று பணியாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருந்த இடங்களில், நான் ஒரு வார்த்தையும் விளக்காமலே நீண்ட வரிசையில் எங்களுக்கு ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். கீழே உட்கார்ந்துவிட்ட மகளை யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. பயிற்சி இல்லாத ஒரு பொழுதுபோக்கு மையத்திலோ, இது ஏதோ நிறுவனத்தின் விளம்பரப் பட்டையா என்று வாயிற்காவலர் கேட்டார். போகும் இடத்தில் இந்தத் திட்டம் நடைமுறையில் உண்டா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு அணிவித்தால் மட்டுமே பலன். பணியாளர்களிடம் பேசும் அளவுக்கு இந்தப் பட்டை பிள்ளைகளிடம் எதையும் பேசுவதில்லை; தோழமைக்கு இது உதவும் என்று எண்ணி வாங்க வேண்டாம். மேலும், தன்னைப் பற்றிய ஒரு செய்தியை ஊரறிய அணிந்துகொள்வது இது என்பதால், விவரம் புரியும் வயதுப் பிள்ளையாக இருந்தால் அவர்களைக் கேட்காமல் மாட்டிவிடாதீர்கள். எங்கள் மகள் பயணங்களில் அதைத் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள், பூங்காவில் கழற்றிவிடுகிறாள். அவள் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம்.

பிள்ளைகள் குழு ஒன்றை நடத்துபவர்கள் இவற்றில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் இருந்தால், பெரிய படப் பலகையை வாங்குங்கள். பளபளப்பான லேமினேஷன் வெயிலில் கண்ணைக் கூசவைத்துப் படத்தை மறைத்துவிடும்; பளபளப்பில்லாத மேற்பரப்பைக் கேட்டு வாங்குங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் மேல் வரிசை எட்டும்படி தாழ்வாக மாட்டுங்கள். அதற்கு முன்னால் மணல் தொட்டியோ படிக்கட்டோ குறுக்கே வராமல் இருக்கட்டும். நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு அதை முதலில் அறிமுகப்படுத்திவிட்டால், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.